பொட்டு வெச்ச ராக்கெட்

இல்லங்க ஆன்ட்டி, மாடு தின்னிருக்கும். பஸ் ஸ்டாப்புல ஒரு செவலப் பசு சுத்திக்கினு இருக்குமே, அது சினிமா போஸ்டரையே வுடாது. உங்க பேப்பர வுட்டுடுமா? மைதாப் பசை காய்ச்சித்தான ஒட்டுனீங்க? அப்புறம் என்ன. ருசி கண்டிருக்கும்.

நாலுமா போச்சு? திங்கக்கிழமயிலேர்ந்து தெனம் ஒண்ணு ஒட்டுறீங்க, மறுநாள் பாத்தா இல்ல. ம். மாட்டுக்கு அது டூட்டி மாதிரி ஆயிருக்கும்.

ஆமாங்க, பேப்பரப் பாத்துத்தான் வந்தேன். காணவில்லை, பெயர் துரை, வலது முன்னங்கால் மட்டும் வெள்ள, இடது காது ஓரம் பிஞ்சிருக்கும், தொடர்புக்கு விஜயலட்சுமின்னு போட்டிருந்துச்சே. அவனப் பத்தித்தான். எங்க பாத்தேன்னு சொல்றேன். சொல்லத்தான வந்திருக்கேன். கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க. காபி எல்லாம் வேணாங்க. ஏற்கெனவே பால் அடுப்புல இருக்கா? சரி, அப்போ குடுங்க.

இன்னிக்கு ஆபீசுக்கு லீவு போட்டுட்டா தேடுறீங்க? காலையிலேர்ந்து நடந்தீங்களா, இந்த வெயில்ல?

என் பேரு சுதாகருங்க. உங்களுக்கு ரெண்டு தெரு பின்னாடிதான் குவார்ட்டர்ஸ். முருங்கமரம் ரோட்டுப் பக்கம் சாஞ்சி நிக்குமே, அந்த வூடு. எங்கப்பா செங்குட்டுவன் மைன்ஸ்ல பர்மனென்ட்டு. நான் அதே மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டு. ஃபர்ஸ்ட் ஷிப்டு முடிச்சி, ரெண்டு மணி பஸ்ல எறங்கி, குளிச்சிட்டு நேரா இங்கதான் வர்றேன்.

எங்க வூட்டுலயும் நாய்ங்க இருந்துச்சுங்க. அதுக்குத்தான் சொல்ல வந்தேன், எனக்கு உங்க கஷ்டம் தெரியும். மொதல்ல ஜிம்மி. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வந்தவன், எனக்கு அண்ணன் மொற. நான் ஆறாவது படிக்கும்போது ஒரு காலையில எழுந்திரிக்கல. வயசாயிடுச்சு, வேற ஒண்ணுமில்ல. எங்கப்பா ஷிப்டுக்குப் போகல. ஃபோர்மேனுக்கு போன் பண்ணி, வூட்டுல ஒரு சாவுங்கன்னாரு. அதுக்கு மேல பேச முடியாம அழுது போன வெச்சிட்டாரு.

ரெண்டு மணி பஸ்ஸு எங்க தெருமுனையில நிக்கிது. எங்கப்பா கூட வேல செய்யற எட்டு பேரு எறங்குறாங்க. கையில ஆளுயர ரோஜா மாலை. எங்கப்பா லுங்கியக் கட்டிக்கினு, மண்வெட்டியோட கேட்டுல நிக்கிறாரு. யாருப்பா, பெரியவரா, அம்மாவான்னு ஜெயகணேஷ் அங்கிள் கட்டிப் புடிச்சிக்கினு கேக்குறாரு. எங்கப்பா பின்னாடி பலாமரத்துப் பக்கம் கையக் காட்டுனாரு. எல்லாரும் போயிப் பாத்தா இத்தினியூண்டு மண்மேடு. பக்கத்துல ஜிம்மியோட சங்கிலி.

அப்புறம் ஜெயகணேஷ் அங்கிள்தான், மாலைய வாங்கியாச்சு, பூக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டான்னு சொல்லி அந்த மேட்டு மேல போட்டாரு. மேட்ட விட மாலை பெருசு ஆன்ட்டி! அப்புறம் எல்லாரும் டீ குடிச்சிட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் எங்கப்பா சாவுக்கு லீவு கேட்டா, ரெண்டு காலா நாலு காலான்னுதான் மொதல்ல கேப்பாங்க.

சிரிச்சிட்டீங்க பாருங்க. நல்லா இருக்கு காபி. சக்கர போதுங்க.

அடுத்தது ரோஸி. எங்கம்மா முருங்கக்கீர ஒடிச்சிக்கினு இருந்துச்சு, காலடியில நல்ல பாம்பு. ரோஸி நடுவுல போயி நின்னுக்கிச்சு. அம்மா நகரவே இல்ல, ரோஸியும் நகரல. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. மூணு நாளு எங்க வூட்டுல அடுப்பு பத்த வெக்கல, ஓட்டல்லதான் சாப்பிட்டோம். நாலாம் நாளு எங்கம்மா உமாராணி, ரோஸியோட தட்ட எடுத்துக் குப்பையில வீசிட்டு, இனிமே இந்த வூட்டுல நாலு கால்ல இருக்கறதுன்னா அது கட்டிலும் நாற்காலியும்தான்னு சொல்லிடுச்சு.

இருங்க, வர்றேன். துரைக்குத்தான் வர்றேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்ன தீபாவளி. சாயங்காலம், யாரோ வெச்ச ராக்கெட்டு மேல போகாம படுத்துக்கினு தெருவுல ஓடுது. அதுக்கு முன்னாடி ஒரு நாய் ஓடுது. நேரா எங்க வூட்டுக்குள்ள பூந்து கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. அம்மா தொடப்பத்தால இழுக்குது, வரமாட்டேங்குது. காலையில தொரத்திடணும்னு சொல்லிட்டுப் படுத்துச்சு. காலையில எழுந்து பாத்தா அதே அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்துக்கினு இட்லியப் பிட்டுப் பிட்டு உள்ள வுட்டுக்கினு இருக்கு. ராக்கெட்டுன்னு பேரு வெச்சோம். பேருதான் ராக்கெட்டு. படுத்தான்னா எழுப்ப ஆளு வரணும்.

வலது முன்னங்காலுதாங்க. ஆமா, வெள்ள.

காதும் பிஞ்சிதான் இருக்கும்.

அவனேதாங்க. உங்க துரைதான் எங்க ராக்கெட்டு. அந்தத் தீபாவளிக்கு அவன் உங்க வூட்டுலேர்ந்தா ஓடுனான்? ஹரிணி காலேஜுக்குப் போன வருசமா? ஹரிணின்னா உங்க பொண்ணா? ஓ, அதுக்கு முன்னாடியே வந்துட்டானா உங்ககிட்ட. மறுநாளு காலையில வந்துட்டான்ல? வந்திருப்பான். எங்க இட்லியத் தின்னுட்டு வந்திருப்பான்.

எங்களுக்கும் இந்த பேப்பர் பாக்கற வரைக்கும் தெரியாதுங்க. மத்தியானம் ரெண்டு மணி பஸ் சத்தம் கேட்டா எங்க பின்பக்க வேலி ஓட்டையில வருவான். ராத்திரி பத்து மணி பஸ் போனா எழுந்து போயிடுவான். ஊரு சுத்தப் போறான்னு நெனச்சோம். நீங்க? பகல்ல ஊரு சுத்தப் போறான்னு நெனச்சீங்களா! எங்கப்பா கூட இத்தன வருசத்துல ஒரு நாளும் ரெண்டு ஷிப்டு ஒழுங்காப் பாத்ததில்ல ஆன்ட்டி. இவன் லீவே போடாம பாத்திருக்கான்.

வெறிநாய் ஊசி போட்டீங்களா? எப்போ, பொங்கல் முடிஞ்சா? நாங்களும் அப்பதான் போட்டோம்! ரெண்டு ஊசியா போட்டிருக்கோம்! அதான் ஒரு வாரம் எங்கள மொறச்சிக்கினே இருந்தான்.

அந்தப் பொட்டு இருக்கே, அதுல எங்க வூட்டுல பெரிய கலவரம். வெள்ளிக்கிழம ஆனா நெத்தியில குங்குமத்தோட வர்றான், மேல மஞ்ச வாசன வேற. எங்கம்மா அவங்க ஊரு முத்தாண்டிக்குப்பத்துக்குப் போயி குறி கேட்டுட்டு வந்துச்சு. யாரோ நம்ம குடும்பத்துக்கு செய்வினை வெச்சி நாயி தலையில ஏத்தி அனுப்புறாங்கன்னு, வாசல்ல பூசணிக்கா ஒடச்சிது. ஒடச்ச பூசணிக்காய மோந்து பாத்துட்டு அது மேலயே படுத்துக்கினான் இவன். நீங்கதானா அந்த செய்வினை? வெள்ளிக்கிழம சாமி கும்புட்டுட்டு அவனுக்கும் வெப்பீங்களா? வெக்கறப்ப தலையக் குனிஞ்சி குடுப்பானா? எங்ககிட்ட குளிக்கக்கூட குனிய மாட்டான்.

செவுத்துல வடலூர் ஜோதி படம் மாட்டியிருக்கீங்களே, பூசத்துக்கு வருசா வருசம் போவீங்களா? அப்போ வூட்டுல அசைவம்...? முட்ட கூட கெடையாதா. ஓ. துரைக்குமா? சாம்பார் சாதம், தயிர் சாதம். ம்ம். சாப்ட்டானா? ஒழுங்கா சாப்ட்டானா?

எங்க வூட்டுலயும் அதாங்க போட்டோம். பெரும்பாலும்.

இப்பவா? இப்ப எங்க வூட்டுலதாங்க இருக்கான்.

ஐயோ, செருப்பப் போடாதீங்க. உக்காருங்க ஆன்ட்டி. அவன் தட்ட எதுக்கு எடுக்கறீங்க, அத வெச்சிடுங்க. இன்னும் முடியல நான். கொஞ்சம் உக்காருங்க, நீங்க நின்னுக்கினு இருந்தா எனக்குச் சொல்ல வராது.

ஜிம்மி வயசாயிப் போனான். ரோஸி பாம்பு கடிச்சிப் போச்சு. ரெண்டுக்கும் எங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, நம்ம கையில என்னடா இருக்குன்னு. அது ஒரு தைரியங்க. நம்ம கையில ஒண்ணும் இல்லன்னா அழுதுட்டு எழுந்துடலாம். குழி தோண்டலாம், டீ குடிக்கலாம்.

போன ஞாயித்துக்கிழம எனக்குப் பொறந்த நாளு. அம்மா பிரியாணி செஞ்சிது. கோழி எலும்ப மட்டும் அவனுக்குப் போடாதடான்னு எப்பவும் சொல்லும், அன்னிக்கும் சொல்லிச்சு. வெந்த எலும்பு ஊசி மாதிரி ஒடையும்னு அதுக்குத் தெரியும். எனக்கும் தெரியுங்க. அவன் என் மூஞ்சியவே பாத்துக்கினு உக்காந்திருந்தான். என் பொறந்த நாளு, உனக்கும் ஒண்ணு இருக்கட்டும்டான்னு முழுசா ஒரு லெக் பீஸ் போட்டேன். என் கையாலதான். என்னா சந்தோசமா தின்னான் தெரியுமா. வால ஆட்டுன ஆட்டுல டம்ளர் உருண்டு போச்சு.

சாயங்காலம் வாந்தி எடுத்தான். வண்டியில தூக்கிப் போட்டுக்கினு டாக்டர்கிட்ட ஓடுனேன். அவரு பாவம், வூட்டுலேர்ந்து வந்து பாத்தாரு. உள்ள குத்தியிருக்குன்னாரு. ராத்திரி பத்து மணி பஸ் போச்சு, அந்தச் சத்தத்துக்கு எழுந்திரிக்கப் பாத்தான். எங்க போறடா, படுறான்னு நான்தான் அமுக்கிப் படுக்க வெச்சேன். இங்க வரத்தான் எழுந்தான்னு அப்போ எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா தூக்கிக்கினு வந்திருப்பேன். சத்தியமா வந்திருப்பேன்.

விடியக்காலையில. என் மடியிலதான். கஷ்டப்படலன்னு சொல்லணும்னு வழியெல்லாம் நெனச்சிக்கினு வந்தேன், கொஞ்சம் கஷ்டப்பட்டான்.

திங்கக்கிழம அவனப் பொதச்சிட்டு, லேட்டானாலும் பரவால்லன்னு ஷிப்டுக்குப் போலாம்னு பஸ் ஸ்டாப்புக்கு வர்றேன், கம்பத்துல அவன் போட்டோ. நெத்தியில பொட்டோட சிரிச்சிக்கினு இருக்கான். யாரோ ஒருத்தங்க இன்னும் தேடிக்கினு இருக்காங்கன்னு அப்பதான் தெரிஞ்சிது. பஸ் வந்து நிக்கிது, என்னால அந்தப் போட்டோவத் தாண்டி ஏற முடியல. பசை இன்னும் காயல, கையோட வந்துடுச்சு. செவ்வாக்கிழம புதுசா ஒண்ணு ஒட்டியிருந்தீங்க. அப்புறம் புதன், வியாழன்.

மாடு தின்னல ஆன்ட்டி. இந்தாங்க. நாலும் இருக்கு. மடிச்சி சட்டப் பையிலதான் வெச்சிருந்தேன், வேர்வையில கொஞ்சம் நனஞ்சிருக்கு. தெனமும் குடுத்துடணும்னு உங்க தெரு வரைக்கும் வருவேன். வாசப்படியில அவன் தட்டு இருக்கும், சோறு வெச்சி மூடி வெச்சிருப்பீங்க. திரும்பிடுவேன். இன்னிக்குக் காலையில அஞ்சாவது ஒட்டிக்கினு இருந்தீங்க. பஸ்ஸுக்குள்ளேர்ந்து பாத்தேன். எட்டலன்னு குதிகால எக்கி நின்னு ஒட்டுனீங்க. அதான் வந்துட்டேன்.

திட்டுங்க, பரவால்ல. எங்கம்மா எங்கிட்ட பேசியே நாலு நாளு ஆச்சு.

அழாதீங்க ஆன்ட்டி. சரி, அழுங்க.

பலாமரத்துக்குப் பக்கத்துலதான், ஜிம்மிக்கும் ரோஸிக்கும் நடுவுல. இன்னிக்கு வெள்ளிக்கிழமதான? அந்தக் குங்குமச் சிமிழ எடுத்துக்கினு வாங்க, வண்டி வெளியதான் நிக்கிது. மண்ணுதான் தெரியும், ஆனா நெத்தி எந்தப் பக்கம் இருக்குன்னு நான் காட்டுறேன். நான்தான படுக்க வெச்சேன்.