காணாமற்போன நாட்களைக் கண்டெடுத்த அம்மையார் யோகராணிக்கு

டிக்கோயா செண்பகத் தோட்டத்தின் நலன்புரி அலுவலராய் இருபத்தெட்டு ஆண்டுகள் அயராது உழைத்து இன்று ஓய்வுபெறும் அன்பின் உறைவிடமே! ஆற்றலின் அணிகலனே! எங்கள் அலுவலகத்தின் ஒரே கணினியை அடக்கி ஆண்ட பெருமாட்டியே! வணக்கம், வணக்கம், மீண்டும் வணக்கம்!

1981இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு மலையேறி வந்தீர்கள். தடுப்பூசி நாள், தாய்மார் கிளினிக் நாள், குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவைப் பார்வையிடும் நாள் என்று ஒன்றும் பிசகாமல் காத்தீர்கள். கணினி வந்ததும், தோட்டத்தின் ஐந்து டிவிசனுக்கும் ஐந்து நிறத்தில் நாட்காட்டி அமைத்து, கொழும்பு மருத்துவமனைப் பயணங்களுக்கென்று ஆறாவதைச் சிவப்பில் வைத்தீர்கள். கோபமும் உங்களுக்குக் குறைவில்லை. பிந்தி வந்த நாட்களில் பின்கதவால் நுழைந்தவர்கள் எங்களில் பலர்.

2005ஆம் ஆண்டு ஆயுத பூசையை எப்படி மறப்போம்! நீங்கள் கூட்டமொன்றுக்காகக் கந்தப்பளை போயிருந்தீர்கள். அன்று காலை கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. தோட்டத் தொழிலாளி காளியாயியின் ஆறு வயது மகள் நிலக்ஷிக்கு இதயத்தில் ஓட்டை. சத்திரசிகிச்சைக்கு இரண்டு வருடக் காத்திருப்பு. திடீரென்று ஓரிடம் கிடைத்திருக்கிறது! செய்தியைக் கேட்ட மயூரதன், அதாவது இம்மடலை எழுதும் அடியேன், திகதியைச் சிவப்பு நாட்காட்டியில் ஏற்றினேன். தாளில் எழுதவில்லை. பூசைப் பரபரப்பில் மனத்திலும் நிற்கவில்லை.

அதன்பின் செய்ததுதான் பெருங்கூத்து. நாட்காட்டி மென்பொருளின் புதிய பதிப்பு கணினியில் பாதி ஏறிக்கொண்டிருக்க, நல்லநேரம் தவறிவிடுமே என்று பிளக்கைப் பிடுங்கினோம்! திரைக்குச் சந்தனம், விசைப்பலகைக்குக் குங்குமம், மேலே ஒரு மாலை. மறுநாள் காலை திறந்தால் ஆறு நாட்காட்டியும் இல்லை! வெறும் வெள்ளைக் கட்டங்கள்!

செய்தி கேட்டு ஓடிவந்த காளியாயி, "புள்ளைக்கு என்னைக்குன்னு சொன்னாங்கய்யா? கம்பியூட்டர்ல இருக்குன்னீங்களே!" என்று கேட்டார். கொழும்புக்குப் பேசினோம்; பட்டியல் வைத்திருக்கும் தாதி மறுநாள்தான் வருவாராம். மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்று நான் கைவைத்த வேளையில், பஸ்ஸால் இறங்கிய கையோடு வந்து நின்றீர்கள்!

"ஒருத்தரும் ஒண்டையும் அழிக்காதேங்கோ! காணேல்லை எண்டால் அழிஞ்சு போச்சு எண்டில்லை," என்றீர்கள். இருந்த கோப்புகளை எல்லாம் முதலில் ஓர் இறுவட்டில் படியெடுத்தீர்கள். அரைகுறையாக ஏறிய புதிய பதிப்பு தனக்கென்று ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து வைத்திருப்பதைக் கண்டீர்கள். முதல்நாள் திகதியிட்ட பழைய கோப்பைத் தேடிப் பிடித்து அதைத் திறக்கச் செய்தீர்கள். அப்போதும் கட்டங்கள் வெறுமைதான்! நாங்கள் சோர்ந்தோம்; நீங்கள் சோரவில்லை. திரையின் இடப்பக்கப் பட்டியலில் ஆறு பெயர்கள் இருந்தன, ஆறின் பெட்டியிலும் சரியடையாளம் இல்லை. ஒவ்வொன்றாய் அடையாளமிட்டீர்கள். பச்சை வந்தது! நீலம் வந்தது! கடைசியில் சிவப்பும் வந்தது!

"நாளை காலை எட்டு மணி, அனுமதி," என்று வாசித்தீர்கள்.

அப்போது பிற்பகல் மூன்று மணி. நான்கு மணிக்குள் தோட்டத்து வேன் புறப்பட்டது, தாயும் மகளும் நீங்களுமாய். பத்தாம் நாள், "புள்ள சோறு கேக்குது மிஸ்ஸு!" என்று காளியாயி தொலைபேசியில் கத்தியதை, அலுவலகத்துக்குத் திரும்பியிருந்த நீங்கள் ரிசீவரை நீட்டிப் பிடித்து எங்கள் எல்லோருக்கும் கேட்கவைத்தீர்கள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அன்று நான் அழுதேன் என்பதை இச்சபையில் சொல்ல வெட்கப்படவில்லை.

நற்றமிழ் நங்கையே! நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு நீடு வாழ்க! யாழ்ப்பாணத்து வெயில் உங்கள் முழங்கால் வலியைப் போக்குக!

விடைபெறுமுன் ஒன்று. சென்ற வாரம் உங்களிடமிருந்து கணினியைப் பொறுப்பேற்றபோது சிவப்பு நாட்காட்டியை முன்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். 2010, 2011, 2012... "நிலக்ஷி, இதயப் பரிசோதனை" என்று ஆண்டுதோறும் குறித்திருந்தீர்கள், அவளுக்குப் பதினெட்டு நிறையும் 2017 வரை. நீங்கள் இங்கே இருக்கப்போவதில்லை என்று தெரிந்தே குறித்த நாட்கள் அவை. எட்டையும் தாளில் எழுதிக்கொண்டேன், அம்மா. எட்டுக்கும் நானே அழைத்துப் போவேன்.

இங்ஙனம்,
செண்பகத் தோட்ட அலுவலர்கள் அனைவர் சார்பிலும்,
மயூரதன்
டிக்கோயா, 30.10.2009