இரண்டு விரல்

டூ ஸ்ட்ரோக் வண்டி ஓட்டுகிறவன் இடது கையில் இரண்டு விரலை எப்போதும் கிளட்ச் மேலேயே வைத்திருக்க வேண்டும், சார். என் ஒர்க் ஷாப்புக்கு வருகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான். எஞ்சின் ஓடுகிற ஓட்டத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் கல்லு மாதிரி நின்றுவிடும். அந்த நொடியில் இரண்டு விரலால் கிளட்சை இழுத்தால் சக்கரம் விடுபடும், வண்டி தானாக உருண்டு ஓரத்துக்குப் போய்விடும். அப்புறம் ஒரு டீ குடித்துவிட்டு என்னைக் கூப்பிடலாம்.

இல்லை, எனக்கு டீ வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் எழுதுங்கள், நான் நிதானமாகவே சொல்லுகிறேன்.

என் பெயர் முத்துமாலை. பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் முப்பத்தெட்டு வருஷமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். இறந்துபோன ஸ்ரீவத்ஸன் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். என் நண்பர். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியைப் பார்த்து மெக்கானிக் என்கிற முறையில் நாலு வரி எழுதித் தரத்தான் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். பழைய எஞ்சின், பிஸ்டன் பிடித்துக்கொண்டது, விபத்து என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே எழுதிவிட்டார். அவர் எழுதியதில் பொய் இல்லை. பாதிதான் இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் அவருடைய பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. எண்பத்தைந்து மாடல். இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். சீட்டைக் கிழித்துக் கோழி முட்டை போட்டிருந்தது. அதை என் ஷெட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் வீட்டு அம்மா மஹாலக்ஷ்மி கொடுத்தனுப்பும் புளியோதரையை ஒரே தூக்குச்சட்டியில் இரண்டு பேரும் சாப்பிடுவோம். முதல் வருஷம் அண்ணாச்சி என்றார். அடுத்த வருஷம் உரிமையோடு வே என்றார். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு கார்புரேட்டரும் ஒன்றுபோல மூச்சு விட வேண்டும், சார். அதைப் பார்க்க மிஷின் எல்லாம் வந்துவிட்டது. என்னிடம் இருப்பது ஒரு முழ ரப்பர் குழாய்தான். ஒரு முனை கார்புரேட்டர் வாயில், மறு முனை என் காதில். இடது பக்கம் இரைகிறதா, வலது பக்கம் இரைகிறதா என்று கேட்டுக் கேட்டு ஸ்க்ரூவைத் திருகி வைக்க வேண்டும். முதல் முறை வண்டி ஒரே சீராக ஓடியபோது ஸ்ரீவத்ஸன் அழுதுவிட்டார். கிரீஸ் கையென்றும் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இனிமே இந்த வண்டிய உம்ம கை தவிர வேற கை தொடாது வே.”

நானாகக் கேட்டு வாங்கிய வாக்கில்லை அது.

இந்த ஜனவரியில் வ.உ.சி. மைதானத்தில் பழைய வண்டிகளை எல்லாம் கண்காட்சிக்குக் கூட்டி வைத்தார்கள். எனக்கு அவர் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, பக்கத்தில் டயர் கடை வைத்திருக்கும் ஷிபின் போனை நீட்டினான். “அண்ணாச்சி, ஒங்க கை வருது பாருங்க. மூஞ்சியத்தான் காணல.”

மெட்ராஸ்காரர்கள் யாரோ எடுத்த வீடியோ. ஸ்ரீவத்ஸன் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டு பேசுகிறார். “ஆறு வருஷம், தனி ஆளா. யார்ட்டயும் கத்துக்கல. புத்தகத்தப் பாத்து, நெட்டப் பாத்து, எல்லாம் என் கையாலயே செஞ்சது.” என் ஷெட்டில் அவர் போனில் எடுத்து வைத்திருந்த காட்சியை நடுவில் போட்டிருந்தார்கள். கார்புரேட்டரைத் திருகுகிற ஒரு கை. மணிக்கட்டோடு வெட்டியிருந்தது. அந்தக் கையின் கட்டைவிரலில் நகம் இல்லை. இருபது வயதில் செயினில் கொடுத்த நகம், சார், இதோ பாருங்கள்.

வண்டியில் பளபளவென்று புது சைலன்ஸர் இரண்டு. பெங்களூரிலிருந்து வரவழைத்து யாரோ மாட்டியது. ஆக, வேறு கையும் தொட்டாயிற்று.

அந்த வீடியோவைப் பதினோரு தடவை பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை. பெற்ற பிள்ளை கூட்டத்தில் என்னை யாரென்று தெரியாது என்று சொன்ன மாதிரி இருந்தது. கூப்பிடுவார், ஒரு வார்த்தை சொல்லுவார் என்று பத்தொன்பது நாள் காத்திருந்தேன். இருபதாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, வண்டியோடு வந்தார். மன்னிப்புக் கேட்க வரவில்லை. வண்டி திக்கியது, வந்தார்.

“சைலன்ஸர் மாத்துனதுல இருந்து நடுவுல திணறுது வே. நீரு தொட்டாத்தான் சரியாவும்.”

வீடியோ பார்த்தேன் என்றேன். சிரித்தார். “அது சும்மா வே. தனி ஆளுன்னாத்தான் நாலு பேரு பாப்பான்னு அந்தப் பயலுவ சொன்னானுவ. இதையெல்லாம் போயி பெருசா எடுத்துக்கிடுவீராக்கும்?”

எடுத்துக்கிடல என்று சொன்னேன்.

புது சைலன்ஸர் புகையைச் சட்டென்று வெளியே தள்ளிவிடும். எஞ்சின் காற்றைக் கூடுதலாக இழுக்கும். அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஊசித்துளை போட்ட பித்தளைத் துண்டு இருக்கிறது, அதைப் பெரிய துளைக்கு மாற்ற வேண்டும். இந்த எஞ்சினுக்குப் பெட்ரோலோடு வருகிற ஆயில்தான் உயிர். பெட்ரோல் குறைந்தால் சூடேறும், ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். என் டப்பாவில் எல்லா அளவும் இருக்கிறது. நடு வேகத்துக்குப் பெட்ரோல் விடுகிற ஊசியை ஏற்றித் திணறலைச் சரி செய்தேன். அடியில் இருந்த ஜெட் இரண்டையும் எடுத்துவிட்டு, இருந்ததைவிடச் சிறியதாகப் போட்டேன்.

வழக்கமாக நானே ஓட்டிப் பார்த்து, பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்காமல் சாவியைக் கொடுக்க மாட்டேன். நாட்டுச் சர்க்கரை நிறம் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் எஞ்சின் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது.

சமாதானபுரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார், முகம் எல்லாம் பல். “பறக்குது வே. கைராசின்னா உம்ம கைராசிதான்.” பறக்கத்தான் செய்யும், சார். பட்டினி போட்ட எஞ்சின் சாகிறதற்கு முன்னால் அப்படித்தான் துள்ளும். தெருவுக்குள் ஒன்றும் ஆகாது. நீண்ட சாலையில் முறுக்கிப் பிடித்தால் பத்து நிமிஷம்.

வண்டி நட்ட நடு வெயிலில் நின்றுவிடும், தள்ள முடியாமல் தள்ளுவார், என்னைத்தான் கூப்பிடுவார், அப்போது கேட்கலாம் என்று நினைத்துத்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வல்லநாடு பாலத்துக்கு முன்னால் விழுந்தார். வெயிலில் தள்ளட்டும் என்றுதான் செய்தேன் என்று அன்றிலிருந்து மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று அவர் மகள் பிரீதா ஷெட்டுக்கு வந்திருக்காவிட்டால் உங்களிடமும் இதைச் சொல்லி முடித்திருப்பேன்.

அந்தப் பிள்ளை அன்றைக்குக் காரில் கூடவே போயிருக்கிறது. கார் ஓட்டியது அம்மா. அப்பா வீடியோ எடுக்கச் சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் காட்டியது. கே.டி.சி. நகர் தாண்டி நாலுவழிச் சாலை, ஹெல்மெட்டுக்குள் அவர் சிரிக்கிறார். பிரீதா படத்தை நிறுத்தி இடது கையைப் பெரிதாக்கிக் காட்டியது.

“அப்பா ரெண்டு வெரல எடுக்கவே மாட்டார் மாமா. எனக்கு வண்டி கத்துக்குடுத்தப்பவும் மொத மொதல்ல அதத்தான் சொன்னார். அன்னைக்கு மட்டும் ஏன் மாமா எடுத்தார்?”

எனக்குத் தெரியலம்மா என்றேன். அது கும்பிட்டுவிட்டுப் போய்விட்டது. ராத்திரி முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் நீங்கள் கேட்ட நாலு வரியை எழுதாமல் நேரில் வந்தேன்.

வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுக்கும்போது நான் சொன்னது இது: “நாலுவழிச் சாலைல முறுக்குனத விடாம ஒரே புடியாப் போவும். அப்பத்தான் செட்டாவும். கிளட்ச்ல வெரல் வைக்காதேயும், ப்ளேட்டு தேஞ்சிரும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டு வெரலுமா? நீருதான வே வைக்கச் சொல்லுவீரு.”

“நான்தான சொல்லுதேன். எடுத்திரும்.”

“நீரு சொன்னாச் சரி” என்றார்.

எழுதிக்கொள்ளுங்கள், சார். ஜெட்டை மாற்றியது நான். விரலை எடுக்கச் சொன்னதும் நான்தான். எடுத்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. வெயிலில் வண்டி தள்ளட்டும் என்று நினைக்கிறவன் விரலை எடுக்கச் சொல்ல மாட்டான்.

ஆனால் ஒன்று. யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷர், நான் சொன்ன ஒரே வார்த்தைக்காக ஆறு வருஷப் பழக்கத்தை விட்டுவிட்டு அந்த இரண்டு விரலையும் மடக்கிக்கொண்டு போயிருக்கிறார். பிரீதா எடுத்ததில் அது தெளிவாகத் தெரிகிறது. என்னை குரு என்று அவர் ஒத்துக்கொண்டதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கேஸ் வேலை எல்லாம் முடிந்த பிறகு அந்த வீடியோவை என் போனுக்கும் அனுப்பச் சொல்லுங்கள், சார்.