வலியசாலைக் கோலம்

கிழக்கேகோட்டை பஸ்ஸில் எனக்கு முன்னால், வலியசாலையில் ஏறிய இரண்டு பெண்கள். என் இரண்டு கையும் கம்பியில் இருந்ததால் காதைப் பொத்த முடியவில்லை.

“எங்காத்து வாசல்ல இப்போ கோலம் போடறது, மாடியறைல வாடகைக்குத் தங்கியிருக்கற மதாம்மாதான், கேட்டயா.”

“வெள்ளைக்காரியா?”

“ஒருநாள் சொல்லிக்கொடுத்தேன். இப்போ தினம் அஞ்சு மணிக்கு வாசல்ல நிக்கறா. நான் ஆறரை வரைக்கும் தூங்கறேன்.”

“உன் மாமியார்?”

“பாவம், நான் போட்டுட்டு மறுபடி படுத்துண்டேன்னு நினைச்சுண்டிருக்கா. கோவில்ல எல்லார்ட்டயும் மருமகள் கோலத்தைப் பத்தித்தான் பேச்சு.”

“மதாம்மா கிளம்பிட்டா என்ன பண்ணுவே?”

“ஞாயித்துக்கிழமை கன்யாகுமரிக்குப் போறேன்னா. அங்கே பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லேன்னு சொல்லிட்டேன்.”