கிண்ணம் காலியாகும் வரை

மேடையில் அமர்ந்திருக்கும் மாவட்ட அதிகாரி அவர்களே, எங்கள் மருத்துவமனையின் முதல்வர் அவர்களே, தையல் ஆலைகளின் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டாக்டரம்மாவின் கணவர், பள்ளி ஆசிரியர் ஐயா அவர்களே, ஒருநாள் சம்பளம் போனால் போகட்டும் என்று வந்து நிற்கும் தாய்மார்களே, அவர்கள் இடுப்பில் இருந்தபடி நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அழத் தொடங்கிவிட்ட பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் அழட்டும். யாரும் வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அழுகிற பிள்ளையைப் பார்த்து எங்கள் டாக்டரம்மா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அழாத பிள்ளையைக் கண்டால்தான் அவருக்குப் பயம். அழக்கூடத் தெம்பில்லாத பிள்ளைகளை அழவைத்து, பிறகு சிரிக்கவைத்து, வீட்டுக்கு அனுப்புவதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை.

நான் அவருடைய வார்டின் தலைமைச் செவிலியர். எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அவரிடம் வேலை பார்த்தவளுக்கு எதையும் ஐந்து நிமிடத்தில் முடித்துப் பழக்கமில்லை, மன்னிக்க வேண்டும்.

குழந்தை நல மருத்துவத்தில் உயர்ந்த பட்டங்கள் பெற்றவர், வெளிநாட்டு வேலை தேடி வந்தும் போகாதவர் என்றெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் தாய்மார்கள் அவருக்கு வைத்த பெயர் என்ன? கிண்ணத்து டாக்டர்! ஏன் அந்தப் பெயர்? எங்கள் வார்டுக்குள் யார் வந்தாலும் முதலில் கை கழுவ வேண்டும். பிறகு ஒரு கட்டிலருகே உட்கார்ந்து, ஒரு பிள்ளைக்கு ஒரு கிண்ணம் பால்கஞ்சி ஊட்ட வேண்டும். கிண்ணம் காலியான பிறகுதான் பேச்சு. மந்திரிக்கும் அதுதான், நன்கொடை தர வந்தவருக்கும் அதுதான். மருந்து விற்க வந்த ஒரு தம்பி பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள் டாக்டரம்மா அவர் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டார். அந்தத் தம்பி இப்போது வீட்டில் தன் மகளுக்குத் தானே ஊட்டுகிறாராம். அவர் மனைவி ஆள் அனுப்பி நன்றி சொன்னார்.

ஏன், ஆசிரியர் ஐயா தப்பித்தாரா? தங்கை மகள் கல்யாணத்துக்கு மனைவியை அழைத்துப் போக ஆட்டோவோடு வந்தார். "இந்தாங்க, சும்மாதானே நிக்கிறீங்க" என்று அவர் கையிலும் ஒரு கிண்ணம். இருவரும் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஐயா சிரிக்கிறார். இந்த வாரத்தில் அவர் சிரிப்பது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஒரு கிண்ணம் ஊட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நன்றாக இருக்கும் பிள்ளை என்றால் கண்மூடித் திறப்பதற்குள் முடியும். நெடுநாள் பட்டினி கிடந்த பிள்ளைக்குப் பசியே மரத்துப் போயிருக்கும். வாயைத் திறக்காது. திறந்தாலும் துப்பும். கொஞ்சிக் கொஞ்சி, சொட்டுச் சொட்டாக, ஒரு மணி நேரம் ஆகும். அதிகமாகக் கொடுத்துச் சீக்கிரம் முடிக்கவும் முடியாது, உயிருக்கே ஆபத்து. அந்தக் கிண்ணம் முடிந்த கொஞ்ச நேரத்தில் அடுத்த கிண்ணம். இரவும் பகலும் இப்படித்தான்.

முன்பு இங்கே இருந்த மாவட்ட அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். அவருக்கும் கிண்ணம் நீட்டப்பட்டது. மனிதர் சாமர்த்தியசாலி. எலும்பும் தோலுமாகக் கிடந்த பிள்ளைகளை விட்டுவிட்டு, கன்னம் உப்பிய ஒரு சின்னப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார். "இவ நல்லா கொழுகொழுன்னு இருக்கா, சட்டுனு குடிச்சிடுவா" என்றார். டாக்டரம்மா அவர் கையில் கரண்டியைக் கொடுத்தார். வார்டிலேயே மோசமான நிலையில் இருந்தவள் அவள்தான்.

அதிகாரி கெஞ்சினார், பாடினார், கைக்கடிகாரத்தைக் கழற்றி ஆட்டிக் காட்டினார். சட்டை முழுக்கக் கஞ்சி. ஒரு வழியாகக் கிண்ணம் காலியானதும் டாக்டரம்மா, "இப்ப அவ பாதத்தை லேசா அமுக்கிப் பாருங்க சார்" என்றார். அமுக்கினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. அதிகாரி அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சதை இல்ல சார், சத்தில்லாம நீர் கோத்திருக்கு. பார்க்க நல்லா இருக்கான்னு நினைச்சு வீட்டுல ரொம்ப நாள் கூட்டிட்டே வரல."

"இவ அம்மா ஆலையில வேலை பார்க்கிறாங்கதானே? மாசச் சம்பளம் வருதே டாக்டர், அப்புறம் எப்படி?"

"சம்பளம் வீட்டுக்கு வந்துடுது சார். அம்மா வர்றப்ப பிள்ளை தூங்கிடுது. நீங்க இப்ப ஒரு மணி நேரம் உட்கார்ந்தீங்களே, அந்த ஒரு மணி நேரம் அவங்க வீட்டுல யார்கிட்ட இருக்கு?"

அந்த ஆண்டே, பிள்ளையோடு தங்கும் தாய்க்குச் சாப்பாடும் இழந்த கூலியும் தர ஆணை வந்தது. அதுவரை பாதி வைத்தியத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மார்கள் அதன் பிறகுதான் எங்களிடம் தங்கினார்கள்.

அவையோரே, நம் மாவட்டம் வளரவில்லை என்று டாக்டரம்மா ஒருநாளும் சொன்னதில்லை. சாலை வந்தது, ஆலைகள் வந்தன, ஓட்டு வீடுகள் மாடி வீடுகள் ஆயின. எல்லாவற்றையும் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்தான். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இந்த வளர்ச்சி எந்தப் பிள்ளையின் வாய்வரை வந்திருக்கிறது? வீட்டு வாடகை பாதிச் சம்பளத்தைத் தின்கிறது. பாலில் தண்ணீர் கூடுகிறது. ஆலை வாசலில் வண்டி நிறுத்த நிழல் இருக்கிறது, பிள்ளையை விட ஓர் அறை இருக்கிறதா? சங்கத் தலைவர் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் அவர் நேரில் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன்.

இப்போது நம் மாவட்டத்தின் சராசரி வருமானம் உயர்ந்துவிட்டதாம். அதனால் வளர்ந்த மாவட்டங்களின் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். எனவே எங்கள் வார்டுக்கு வரும் பணம் இந்த மாதக் கடைசியோடு நிற்கிறது. செய்தி வந்த அன்று டாக்டரம்மா என்னிடம், "சராசரிக்கு வயிறு கிடையாது சிஸ்டர். இங்க இருக்கிற பதினாறு பிள்ளைக்கும் இருக்கு" என்றார். தலைநகரம்வரை போய் மன்றாடிவிட்டு வந்தார். போன வாரம் காலை வேளைக் கஞ்சி முடிந்து, கை கழுவப் போன இடத்தில் சாய்ந்தார், பிறகு எழவில்லை. அவர் ஊட்டிய கிண்ணம் காலியாக இருந்தது.

அந்தக் கிண்ணத்தைக் குடித்தவள் இன்னும் ஏழாவது கட்டிலில் இருக்கிறாள். வயது இரண்டரை. அவள் அம்மா ஏற்றுமதிக்குக் குழந்தைச் சட்டை தைக்கிறவள். ஆலையில் கழித்துப் போட்ட சட்டை ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். ஒரு வயதுப் பிள்ளைக்கான அளவு, அதுவும் தோளிலிருந்து நழுவுகிறது. அம்மா இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் இல்லை. நாங்கள் தரும் கூலிப் பணம் இனி வராது என்று தெரிந்ததும், வேலை போய்விடும் என்ற பயத்தில் ஆலைக்குப் போய்விட்டாள். அவள் வராத வேளைகளில் டாக்டரம்மாதான் ஊட்டிக்கொண்டிருந்தார்.

உங்கள் வேலையை நாங்கள் தொடர்வோம் என்று இந்தப் படத்தின் முன் சத்தியம் செய்வது எளிது. நான் சத்தியம் செய்யப்போவதில்லை. பணம் வந்தாலும் வராவிட்டாலும் நாளைக் காலையில் நான் வார்டில் இருப்பேன், அவ்வளவுதான்.

மாவட்ட அதிகாரி அவர்களே, நீங்கள் பொறுப்பேற்று வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. எங்களைப் பற்றித் தலைநகரத்துக்கு எழுத வேண்டியவர் நீங்கள். என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அது என் வேலை இல்லை. மௌன அஞ்சலி செலுத்தலாம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அதை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள அனுமதி கேட்கிறேன். பக்கத்துக் கதவுதான் எங்கள் வார்டு. அடுத்த வேளைக் கஞ்சிக்கு நேரமாகிவிட்டது. வாசலில் சோப்பும் தண்ணீரும் இருக்கிறது.

ஏழாவது கட்டிலருகே நாற்காலி காலியாக இருக்கிறது. வாருங்கள் சார், கை கழுவிக்கொள்ளுங்கள்.