இரண்டு ஆள் தூக்க வேண்டியவர்

அந்தக் கட்டிலில் ஒரு சக்கரம் சரியாகப் பூட்டாது ஐயா. பலமுறை சொல்லிப் பார்த்தோம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் பராமரிப்பு இல்லத்தில் ஆறு வருடமாகத் தையல்காரம்மா அதில்தான் படுத்திருந்தார். கண் மட்டும் அசையும். மற்ற எல்லாவற்றுக்கும் எங்கள் கைதான். தலைமாட்டுச் சுவரில் அவருடைய பராமரிப்புத் திட்டம் ஒட்டியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். தூக்க இரண்டு ஆள் வேண்டும். தண்ணீரில் கெட்டியாக்கும் பொடி கலந்து, கூழ் மாதிரி ஆக்கித்தான் ஊட்ட வேண்டும். வெறும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவள் நான். தடுமாறாமல் முதலில் வாசித்தது அந்தத் தாளைத்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவரை நாற்காலிக்கு மாற்றக் கூட்டாளியைக் கூப்பிட்டேன்.

"நீ ஒருத்தியே ரெண்டு ஆள் கனம் இருக்கியேக்கா, அப்புறம் நான் எதுக்கு?" என்று சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

தனியாகத் தூக்கினேன். கட்டில் நகர்ந்தது. அவர் தரையில் விழுந்தார். கத்த அவருக்குக் குரல் இல்லை. மறுபடி கிடத்திப் போர்வையை இழுத்துவிட்டேன். பதிவேட்டில் 'இருவர் தூக்கினோம்' என்று எழுதினேன். தொடை வீங்கியது. புரட்டும்போதெல்லாம் அவர் கண்ணில் நீர் வழிந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. விஷயம் தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்த வயதில் என்னை வேறு யார் சேர்ப்பார்கள்?

வியாழனன்று அவர் மகள் ஓர் எழுத்துப் பலகையோடு வந்தாள். அவள் விரல் எழுத்தெழுத்தாக நகரும். வேண்டிய எழுத்து வந்ததும் அம்மா கண்ணை மூடித் திறப்பார். அரை மணி நேரத்தில் 'கால்' என்று வந்தது. பிறகு 'கீழே'. மகளுக்கு முன்பே நான் வாசித்துவிட்டேன்.

"கால் வலிக்குதாம்மா? சரி, களைச்சுப் போயிட்டீங்க. டீ குடிச்சிட்டு வந்து மிச்சத்தைக் கேக்கிறேன். அக்கா, அம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

அவள் சொன்னதைத்தான் செய்தேன். பொடி டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைத் திறக்கவில்லை. ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றினேன். அவர் கண்ணை மூடி மூடித் திறந்தார். பலகையை நான் கவிழ்த்து வைத்திருந்தேன். அவர் முகம் நீலமாகும்வரை, மகளின் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று பயந்துகொண்டே நின்றேன்.

ஆறு வருடமாக ஒரு வாய் நல்ல தண்ணீருக்கு ஏங்கியவர் ஐயா. அதைக் கொடுக்க அவருக்கு என்னை விட்டால் யார் இருந்தார்கள்?