நாலு மேஜைக்கு ஒரு சாஃப்ட்வேர்

— வருஷா வருஷம் கட்டணும்ங்கிறியே, அதுதான்டி உறுத்துது. ஒரு தடவை வாங்கினோமா, நம்மளுதாச்சான்னு இருக்கணும். இது வாடகை வீடு மாதிரி.

— வாடகை வீட்டுல ஒழுகினா வீட்டுக்காரரைக் கேட்கலாம்க்கா. இப்ப நம்ம இலவச சாஃப்ட்வேர்ல அட்டவணை போட்டு அனுப்பினா, வேலை கொடுத்த கம்பெனிக்காரங்க திறக்கும்போது பாதிக் கட்டம் அடுத்த பக்கத்துக்கு ஓடிப்போகுது. யாரைக் கேட்கிறது?

— பதினோரு வருஷமா அதுலதான் மொழிபெயர்த்து அனுப்புறேன். யாரும் குறை சொல்லலை. நீ வந்து ஒன்பது மாசம், அதுக்குள்ள கட்டம் ஓடுது, எழுத்து ஆடுது.

— ஒரு நிமிஷம் கேளு. இதுல நாலு மேஜையிலயும் ஒரே ஃபைலைத் திறந்து வேலை பார்க்கலாம். ‘கடைசி’, ‘கடைசியிலும் கடைசி’ன்னு ஏழு பிரதி வேண்டியதில்லை.

— நெட் போச்சுன்னா?

— கம்ப்யூட்டர்லயும் ஒரு பிரதி இருக்கும்.

— எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கே. முடிவு பண்ணிட்டு ஒப்புக்குக் கேட்கிறே.

— நீ சரின்னாத்தான் வாங்குவேன். ஆபீஸ் உன்னுது.

— அப்படியா? டைப் பண்ற ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சந்தேகம்னா என் மேஜையைச் சுத்திக்கிட்டு உன்கிட்ட வர்றாங்க. அப்பாகூட போன் எடுத்ததும் ‘சின்னவ இருக்காளா’ன்னுதான் ஆரம்பிக்கிறார். அவர் முடியலைன்னு விட்டப்போ இதை எடுத்து நடத்தினது நான்.

— நானா அவங்களைக் கூப்பிட்டேன்?

— கூப்பிடலை. அதுதான் எரியுது. கூப்பிட்டிருந்தா உன்னை ரெண்டு திட்டு திட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

— அக்கா, நீ திருத்திக் கொடுக்கிறது பாதிப் பேருக்குத் தெரியறதே இல்லை. இதுல யார் எதை மாத்தினாங்கன்னு அப்படியே பதிவாகும்.

— வரிக்கு வரியா?

— எழுத்துக்கு எழுத்து. எந்தத் தேதி, எத்தனை மணி, எல்லாம்.

— வேண்டாம். வாங்க வேண்டாம்.

— ஏன், என்னாச்சு? முகமே மாறிப்போச்சு.

— போன மாசம் அந்த வாஷிங் மெஷின் கையேடு போச்சே. ‘ஓடும்போது மூடியைத் திறக்க வேண்டாம்’னுதான் நீ எழுதியிருந்தே. ‘திறக்க வேண்டும்’னு மாத்தினது நான். ஒரே ஒரு எழுத்து. நீ சாப்பிடப் போயிருந்தே, உன் கம்ப்யூட்டர்ல ஃபைல் திறந்திருந்துச்சு. அந்தக் கம்பெனிக்காரர் உன்னைப் புகழ்ந்துட்டுப் போனதுக்கு மறுநாள். அச்சுக்குப் போறதுக்குள்ள அவங்க கண்டுபிடிச்சிடுவாங்க, உன் பேர் கொஞ்சம் கெடட்டும்னு நினைச்சேன். நீ அவர் முன்னாடி நின்னு மன்னிப்பு கேட்டப்போ நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன்.

— உள்ள வந்திருக்கலாமே.

— கால் வரலை. திட்டுடி. எதையாவது சொல்லு.

— வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மாசம் சும்மா ஓட்டிப் பாருங்கன்னு கொடுத்திருந்தாங்கக்கா. அந்தக் கையேட்டை அதுலதான் பண்ணினேன். மாறினது ஒண்ணே கால் மணின்னு காட்டுச்சு. அந்நேரம் ஆபீஸ்ல நீ மட்டும்தான். மன்னிப்பு கேட்கப் போகும்போதே எனக்குத் தெரியும்.