இரண்டாம் ஓபோவுக்கு வேலை இல்லை

நீங்கள் இரண்டு பக்கம் போதும் என்றுதான் கேட்டீர்கள். கொஞ்சம் கூடிப் போய்விடும் போலிருக்கிறது. ஒலிப்பதிவோடு வரும் சிறு புத்தகத்தில் எவ்வளவு இடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன, வேண்டாததை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். தனிப் பியானோவுக்காக எழுதியதைச் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு எப்படி மாற்றினேன் என்பது உங்கள் கேள்வி. அதற்கு மட்டும்தான் பதில் சொல்லப்போகிறேன்.

அந்தப் பியானோப் படைப்பை எழுதியபோது எனக்குத் திமிர் பிடித்த வயது. என்னைத் தவிர வேறு யாரும் வாசித்துவிடக் கூடாது என்றே எழுதினேன். கடைசிப் பகுதியில் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மேலே ஒரு வரியை விடாமல் இழுத்துக்கொண்டே போகும். மீதி விரல்களும் இடது கையும் அதற்குக் கீழே பியானோ முழுக்கத் தாவிக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக் கேட்டவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து வாசிப்பதாக நினைத்தார்கள். வாசித்துவிட்டு எழுந்தால் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

பிறகு அதே இரண்டு விரல்களும் மடங்கத் தொடங்கின. தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் ஒழுங்காக இருக்கும், பேனா பிடித்தால் ஒழுங்காக இருக்கும், பியானோக் கட்டையில் வைத்தால் மட்டும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். கையில் ஒரு குறையும் இல்லை, மூளையிலிருந்து வரும் உத்தரவில்தான் கோளாறு என்றார்கள். மேடை போயிற்று. வீட்டில் உட்கார்ந்து ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு இசைத்தாள் படியெடுத்துக் கொடுத்தேன்.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் என் தம்பி. அட்டையில் நீங்கள் போட்டிருக்கும் படத்தில் சிரிக்கிறானே, அவன்தான். அதே ஆர்கெஸ்ட்ராவில் முதல் ஓபோ. ஓபோ என்பது இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் மெல்லிய மரக்குழல். அதன் வாய் மிகச் சிறியது. மற்றக் குழல்காரர்களுக்குக் காற்று போதாது, ஓபோக்காரனுக்கோ காற்று வெளியே போகாது. நெஞ்சிலும் தலையிலும் முட்டிக்கொண்டு நிற்கும். தம்பிக்கு அதில் ஒரு வித்தை கைவந்திருந்தது. கன்னத்தில் அடக்கிய காற்றால் ஊதிக்கொண்டே மூக்கால் புதுக் காற்றை இழுப்பான். விருந்துகளில் இதைச் செய்து காட்டுவான். எதிரில் இருப்பவர் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்று முடிக்கும்வரை ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதுவான். குழந்தைகள் அவனைச் சுற்றியே கிடக்கும்.

அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் சிக்கலே அதில்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் கையிலிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து கொடுப்பான். என் கைக்குப் பாட்டில் மூடி திறக்கத் தெரியும், பியானோ வாசிக்கத்தான் தெரியாது. எத்தனை முறை சொல்லியும் அவன் மண்டையில் ஏறவில்லை. "விடுண்ணா, நான் இருக்கேன்ல" என்பான். பக்கத்தில் இருப்பவரிடம் தணிந்த குரலில், "எங்க அண்ணன், பாவம், எப்படி வாசிச்ச ஆளு தெரியுமா" என்பான். தணிந்த குரல்தான், ஆனால் ஓபோக்காரனின் குரல், எனக்குக் கேட்கும்.

இந்தப் படைப்பை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதச் சொல்லி என்னிடம் கேட்டார்கள் என்றால், அது அவன் இசை நடத்துநரின் காலைச் சுற்றிக்கொண்டு வாங்கியது. உத்தரவு வந்த அன்று அவன் வீட்டில் சாப்பாடு. நடத்துநர் இருந்தார், ஆர்கெஸ்ட்ராவில் பாதிப் பேர் இருந்தார்கள். தம்பி எழுந்து நின்று என் தோளில் கை போட்டுச் சொன்னான்: "ஒரு வகையில பாத்தா அண்ணன் கை போனதே நல்லதாப் போச்சு. இல்லன்னா இந்த மனுஷன் இதை நமக்கெல்லாம் பங்கு போட்டுக் குடுத்திருப்பாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தம்பி மனைவி, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க அத்தான்" என்று என் தட்டில் பரிமாறினாள். அன்றைக்குத்தான் எனக்கு அவனைப் பிடிக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. அதற்கு முன்பும் பிடிக்காமல்தான் இருந்திருக்கும், கவனிக்கவில்லை.

வேலைக்கு வருகிறேன். தனியாள் குடியிருந்த வீட்டை ஒரு கூட்டுக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுப்பது போன்றது இது. யாருக்கு எந்த அறை, யார் எந்த வழியாக வருவது, யாரும் யாரையும் இடித்துக்கொள்ளக் கூடாது. தாவல்களை வயலின்களுக்கும் கிளாரினெட்டுகளுக்கும் துண்டு துண்டாகப் பங்கிட்டேன். பெடலை மிதித்தால் வரும் முழக்கத்தைக் கொம்பு வாத்தியங்கள் மெல்லப் பிடித்துக்கொள்ளும்படி வைத்தேன். என் இரண்டு கை செய்த வேலைக்கு ஒரு மேடை நிறைய ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது, மறைப்பானேன்.

இதில் முதல் பாடம் ஒன்றுதான். பியானோவுக்கு மூச்சு வாங்காது, மனிதர்களுக்கு வாங்கும். ஒவ்வொரு வரியையும் எழுதும்போது, இந்த ஆள் எங்கே மூச்சு எடுப்பான் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்டுக்கொள்ளாமல் ஒரு வரிகூட எழுதியதில்லை.

கடைசிப் பகுதிக்கு வந்திருந்த சமயம் தம்பிக்குத் தலைவலியும் கண் மங்கலும் வந்தன. மனைவியிடம் மறைத்துவிட்டு என்னைத் துணைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். படமெல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளைக்குப் போகும் ஒரு ரத்தக் குழாய் ஓரிடத்தில் வீங்கியிருக்கிறது என்றார். "பழைய டயர் ஒரு பக்கம் புடைச்சுக்கிட்டு நிக்கும், பாத்திருப்பீங்களே. அந்த மாதிரி." ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், அதுவரை ஊதவே வேண்டாம் என்றார். தம்பி காய்கறிக் கடையில் நிற்பவன்போலப் பேரம் பேசினான். "மெதுவா ஊதுனா? பாதி நேரம் மட்டும் ஊதுனா?" கச்சேரி முடிந்த கையோடு வந்து படுத்துக்கொள்வதாகக் கெஞ்சினான். டாக்டர் மனமில்லாமல் தலையாட்டினார். "லேசா ஊதிக்குங்க. ஆனா தம் பிடிச்சு இழுக்கிற வேலை கூடவே கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "மூத்தவர் நீங்கதானே? நீங்க பாத்துக்குங்க."

"பாத்துக்கறேன்" என்றேன்.

வெளியே வந்ததும், "அவகிட்ட சொல்லிடாதண்ணா, தூங்க மாட்டா. ஆபரேஷனுக்கு முந்தின நாள் நானே சொல்லிக்கறேன்" என்றான். சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான்.

கடைசிப் பகுதியில், மேலே விடாமல் போகும் அந்த வரியை முதல் ஓபோ மட்டும் தனியாக வாசிக்கட்டும் என்று முடிவு செய்தேன். காரணம் முழுக்க இசை சார்ந்தது. பியானோவில் அது ஒரே கையின் ஓரத்திலிருந்து பிறப்பது. இரண்டு ஆளிடம் கொடுத்தால் மாறும் இடத்தில் குரலின் நிறம் மாறிவிடும், காது தடுக்கி விழும். ஒரே ஆள், ஒரே மூச்சுபோல வேண்டும். இரண்டாம் ஓபோவின் தாளில் அந்தப் பகுதி முழுக்க ஓய்வுக் குறிகள் போட்டேன். என்னைப் போன்ற எந்த வல்லுநரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், ஒரு புள்ளியைக்கூடத் தவறு என்று சொல்ல மாட்டார்.

தம்பி தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"அண்ணா, இதுல மூச்சு எங்க எடுக்கறது?"

"எடுக்காத மாதிரிதான் எழுதியிருக்கேன்."

சிரித்தான். "டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல. முடியலன்னா சொல்லு, பாதியை ரெண்டாவது ஓபோவுக்குக் குடுத்துடலாம். பாவம், நீ என்ன பண்ணுவ."

அந்தச் சொல்லை அவன்தான் எனக்குப் பழக்கியிருந்தான். முதல்முறையாக அவன் பக்கம் திருப்பி அனுப்பினேன். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, கண் மட்டும் சுருங்கியது. என் முகம் எத்தனை வருஷமாக அப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தாளை மடித்துப் பையில் வைத்தான். "வேணாம். கச்சேரி அன்னிக்கு ஒரே ஒரு தடவைதானே. உனக்காக ஊதறேன், போ."

எனக்காக. கடைசிவரைக்கும் அவனுக்குக் கொடுக்கத்தான் தெரிந்தது.

ஒத்திகைகளில் அவன் இஷ்டத்துக்கு விட்டு விட்டு ஊதினான். நடத்துநர் முகம் சுளித்தபோது நானே அருகில் போய், "இங்க விட்டுடுங்க சார், அன்னிக்குச் செய்வான்" என்றேன். இரண்டாம் ஓபோ ஒரு சின்னப் பெண். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "சார், எனக்கு அந்த இடத்துல வேலையே இல்லை. நான் கொஞ்சம் வாங்கிக்கட்டுமா? அவருக்கும் சுலபமா இருக்கும்."

"சும்மா இருக்கறதும் ஒரு வேலைதாம்மா" என்றேன். அவள் அதை ஒரு பெரிய இசைத் தத்துவம்போல வாங்கிக்கொண்டு போனாள்.

அவன் செத்துவிடுவான் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நடக்கலாம் என்று தெரியும், அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கச்சேரியில் அவன் பிரமாதமாக வாசித்தான். அந்த வரி தொடங்கியதும் கன்னம் உப்பியது, முகம் சிவந்தது, கழுத்து நரம்பு சட்டைக் காலருக்கு மேலே எழுந்து நின்றது. மேடை முழுக்க வில்களும் குழல்களும் தாவிக்கொண்டிருக்க, அவன் குரல் மட்டும் மேலே, அறுபடாமல், நான் அந்தக் காலத்தில் வாசித்தது போலவே போனது. எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. தொடைமேல் வைத்திருந்த என் விரல்கள் தாமாக அசைந்தன. குனிந்து பார்த்தேன். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை.

முடிந்ததும் கைதட்டல். நடத்துநர் முதலில் அவனைத்தான் எழுப்பினார். எழுந்தான், கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, ஓபோவை லேசாக உயர்த்திக் காட்டினான். உட்கார்ந்தான். பிடரியில் கை வைத்தான். மறுபடி எல்லாரும் எழுந்தபோது அவன் எழவில்லை. ஓபோவைப் பெட்டியில் வைக்கக் குனிந்திருக்கிறான் என்றுதான் பக்கத்துப் பெண் நினைத்தாளாம். விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் இறந்தான்.

ஆபரேஷன் தேதியை நினைவுபடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து அவன் மனைவிக்குப் போன் வந்தது. அவனுக்கு முன்பே தெரியும் என்பது அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. என்னிடம் வந்து, "உங்ககிட்டயாவது சொன்னாரா அத்தான்?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். "நீங்க எழுதுனதை வாசிச்சுட்டுப் போயிட்டாரு. அதுல ஒரு சந்தோஷம் அவருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வலது கையை. இரண்டாம் ஓபோப் பெண்ணும் வந்தாள். "நான் பக்கத்துலயே சும்மா உக்காந்திருந்தேன் சார்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று நான்தான் தேற்றி அனுப்பினேன். அவள் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம்தான்.

என் தம்பியை நான்தான் கொன்றேன். சொல்லிப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை, சுவர் சுவராகவே இருக்கிறது. ஆனால் வெறுப்பால் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த வரிக்கு ஒரே ஆள் தேவைப்பட்டான். அந்தத் தேவையும் என் வெறுப்பும் ஒரே இடத்தில் வந்து நின்றன, அவ்வளவுதான். இசை கேட்டதை நான் கொடுத்தேன். இத்தனை நாளும் இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அவன் நினைவாக இந்த ஒலிப்பதிவு என்று முடிவானபோது, அந்த இடத்தைத் தனியாக வாசிக்கப் புது முதல் ஓபோக்காரர் மறுத்துவிட்டார். நடத்துநர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். மறுநாளே இரண்டு பேருக்குப் பிரித்த தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதுக்காரரும் அந்தப் பெண்ணும் மாறி மாறி வாசித்தார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒருவர் விட்டு இன்னொருவர் எடுக்கும் இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை. காது எங்கும் தடுக்கவில்லை. தம்பி வாசித்ததில் கடைசியில் ஒரு திணறல் இருந்தது, இதில் அதுகூட இல்லை.

பதிவு முடிந்ததும் நடத்துநர் என் தோளைத் தட்டினார். "இதுதான் சார் சரியா இருக்கு. முதல்லயே இப்படி எழுதியிருக்கலாமே?"

அந்தத் தாளுக்காக ஒரு இரவுகூட உட்கார வேண்டியிருக்கவில்லை, மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன், அவ்வளவுதான். தம்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் நான் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.